நாய் மார்க் அட்டையும் நீலமலைக் குரலும்

பழைய ரெக்கார்டு அட்டைகளை வெட்டி, சுழற்றி, ஒலியாக்கும் கலைக்கு நீலகிரியில் என்ன வேலை?

1967 தீபாவளிக்கு வந்த ‘ஊட்டி வரை உறவு’ படத்தின் பெயரிலேயே ஊர் வந்துவிட்டது. ஸ்ரீதர் இயக்கம், எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, சிவாஜி கணேசன், கே.ஆர்.விஜயா. தமிழ் சினிமாவில் காதல் பிறந்தால் ஜோடி மலையேறியாக வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே எழுதாத சட்டம். 1982-இல் பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ கேத்தி ரயில் நிலையத்தை ஒரு தலைமுறையின் மனசில் பதித்தது. 1989-இல் மணிரத்னமும் பி.சி.ஸ்ரீராமும் ஊட்டியின் மூடுபனியையே ‘இதயத்தைத் திருடாதே’வின் இன்னொரு பாத்திரமாக்கினார்கள். 1998-இல் ‘உயிரே’ படத்துக்காக நீலகிரி மலை ரயிலின் கூரையில் ஒரு கூட்டமே ஆடியது.

இந்தப் பாடல்கள் மலையிலிருந்து சமவெளிக்குத் தியேட்டர் வழியாக மட்டும் இறங்கவில்லை. கேசட் வந்து எல்லாவற்றையும் மாற்றும்வரை ஏழு அங்குல இ.பி.யாகவும் பன்னிரண்டு அங்குல எல்.பி.யாகவும் இறங்கின. கல்யாண வீட்டு மைக் செட்டுக்காரரின் தகரப் பெட்டியிலும், டீக்கடை ரெக்கார்டு பிளேயரின் பக்கத்திலும், இலங்கை வானொலியின் அலமாரியிலும் போய் அமர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை உண்டு. நம் சினிமா ரெக்கார்டு அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே இலக்கணம்தான்: நாயகன் நாயகியின் முகம் பெரிது, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் ஊர் சிறிது. மலை இருந்தால் அது ஒரு பச்சைத் தீற்றல். அந்தத் தீற்றலில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று அட்டை சொல்லாது.

பழைய ரெக்கார்டு அட்டைகளை வைத்து வீடியோவும் ஒலியும் உருவாக்கும் கலை உலகில் நாற்பது ஆண்டுகளாக வளர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். நூற்றுக்கணக்கான பாட்டுக்குப் பின்னணி கொடுத்த மலை இது. சினிமாப் படங்களை அச்சிடும் பிலிமையே தயாரித்த மலையும் இதுதான். அப்படியிருந்தும் சொந்தக் குரலுக்கு ஒரு சினிமா அட்டையில்கூட இடம் பெறாத மலை.

அட்டையில் ஒரு தழும்பு

பழைய எல்.பி. அட்டை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் ஒரு பெரிய வட்டம் தெரியும். யாரும் அச்சடித்த வட்டம் இல்லை அது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பாரத்தில் உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பு அட்டையில் அழுந்தி, வருஷக்கணக்கில் மையைத் தேய்த்து உண்டாக்கிய தழும்பு. நாயகியின் கன்னத்திலும் நாயகனின் நெற்றியிலும் அது வெள்ளையாக ஓடும். ஒலி தன் அடையாளத்தைத் தானே படத்தின்மேல் எழுதியிருக்கிறது. இந்தக் கலையில் இறங்கியவர்கள் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட அட்டைகளைத்தான். புத்தம்புதுசாகப் பளபளக்கும் அட்டையில் அவர்களுக்கு வேலையில்லை.

மலையில் இந்தத் தழும்போடு இன்னொன்றும் சேரும். அக்டோபர், நவம்பரில் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. அட்டையில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும், ஓரம் உப்பும். தட்டின் வரியில் பூஞ்சை படர்ந்தால் முள் அதன்மேல் ஓடும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலக் கேட்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி.யில் ஒரு கீறல் இருந்தால் சரியாக 1.8 வினாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று தட்டும். பாட்டுக் கேட்பவருக்கு அது தொல்லை. ஒலிக்கலைஞருக்கோ அது ஒரு தாளம். மழை, ஈரம், வீட்டு அடுக்களைப் புகை எல்லாம் சேர்ந்து போட்டுக்கொடுத்த தாளம்.

ரெக்கார்டுக்கு அட்டை என்பதே கொஞ்சம் தாமதமாக வந்த விஷயம். 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தபோது தட்டுக்குக் கிடைத்தது வெறும் காகித உறைதான். அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டுகள் நெடுங்காலம் பழுப்புக் காகிதத்தில், கடையின் பெயரோடு விற்பனையாயின. தட்டின் நடுவில் கிராமபோன் குழாய்க்குமுன் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய்தான் ஒரே படம். அதனால்தான் நம் ஊரில் அது நாய் மார்க் ரெக்கார்டு. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் ரெக்கார்டு தொகுப்புகளுக்குப் படம் வரையத் தொடங்கியதிலிருந்துதான், கேட்கும் பொருளுக்கு ஒரு முகம் வந்தது.

வெட்டித் தைத்த உடம்புகள்

இந்தக் கலையில் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லலாம் என்றால் கிறிஸ்டியன் மார்க்லே. 1955-இல் அமெரிக்காவில் பிறந்து ஜெனீவாவில் வளர்ந்தவர். 1991, 92-இல் செய்த ‘பாடி மிக்ஸ்’ வரிசையில் பழைய அட்டைகளை நூலால் சேர்த்துத் தைத்தார். மேலே கோட்டும் சூட்டுமாக, கோலை உயர்த்திய சிம்பொனி நடத்துநரின் மார்பு. கீழே வேறொரு அட்டையிலிருந்து ஒரு பாப் பாடகியின் கால்கள். உசந்த சங்கீதம், சந்தைச் சங்கீதம் என்று கடைக்காரர் தனித்தனி அலமாரியில் வைத்திருந்ததை ஒரே உடம்பாக்கிக் காட்டினார். அட்டைகள் எப்படி ஆண் பெண் உடம்புகளைத் துண்டுபோட்டு விற்றன என்பதும் அந்தத் தையலில் பளிச்சென்று தெரிகிறது. தமிழ் சினிமா அட்டைகளை அடுக்கி வைத்து யாராவது இதைச் செய்தால் நமக்கே நம்மைப் பற்றித் தெரியவரும் செய்திகள் அநேகம் இருக்கும்.

அதற்கும் முன்பு, 1985-இல், அவர் ஒரு ரெக்கார்டை அட்டையே இல்லாமல் வெளியிட்டார். உறையில் போட்டுப் பாதுகாக்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. கடையிலிருந்து வீடு போகும்வரை விழும் தூசியும் கீறலும் சேர்ந்துதான் அந்த இசை. பிரதிக்குப் பிரதி அது வேறாக ஒலிக்கும். 1989-இல் ஜூரிக்கில் ஆயிரக்கணக்கான தட்டுகளைத் தரையில் பரப்பி, பார்வையாளர்களை அதன்மேல் நடக்கவிட்டு, செருப்புத் தேய்த்த அந்தத் தட்டுகளையே பிறகு விற்பனைக்கு வைத்தார். 24 மணி நேரம் ஓடும் ‘தி கிளாக்’ வீடியோவுக்காக 2011-இல் வெனிஸ் கண்காட்சியில் தங்கச் சிங்கம் பெற்ற கலைஞர் இவர். அந்தத் திறமை வளர்ந்தது பழைய ரெக்கார்டுக் கடைகளின் தூசியில்தான்.

மார்க்லே அளவுக்குப் பயிற்சி வேண்டாத வழியும் இருக்கிறது. 2007-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் கார்ல் மோரிஸ் என்பவர் ‘ஸ்லீவ்ஃபேஸ்’ என்று பெயர் சூட்டிய விளையாட்டு அது. அட்டையில் இருக்கும் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, கழுத்துக்குக் கீழ் தன் உடம்பை அதோடு பொருத்திப் படம் எடுப்பது. கேத்தி நிலையத்தில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் வந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கையில் ‘மூன்றாம் பிறை’ ரெக்கார்டு அட்டை ஒன்றைக் கொடுத்தால் அந்த இடம் அடுத்த கணமே வீடியோக் கலைக்கூடம் ஆகிவிடும்.

இனி அட்டையை அசைய வைக்கும் வித்தை. 1832-இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ, சுழலும் வட்டில் படங்களை வரிசையாக வரைந்து அவற்றை நகர வைத்தார். 1956-இல் அமெரிக்காவில் ‘ரெட் ரேவன்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான ரெக்கார்டுகள் வந்தன. தட்டின் நடுவில் படங்கள், அதன்மேல் கண்ணாடிகள் பதித்த ஒரு சிறு கூடு. தட்டு சுழன்றால் பாட்டும் கேட்கும், படமும் ஆடும். இன்று கண்ணாடிக் கூட்டின் வேலையைக் கைபேசி கேமரா செய்துவிடும். கேமரா வினாடிக்கு 30 பிரேம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 33⅓ சுற்று எல்.பி. ஒரு சுற்று முடிப்பதற்குள் 54 பிரேம் ஓடும், 45 சுற்று இ.பி.யில் 40 பிரேம். ஆகவே எல்.பி.யின்மேல் வைக்கும் வட்ட அட்டையைச் சுற்றி 54 படங்களையும், இ.பி.யின்மேல் வைப்பதில் 40 படங்களையும் சம இடைவெளியில் ஒட்டினால், திரையில் அவை ஒரே இடத்தில் நின்று அசையும். ஒரு படம் கூடினால் மெல்ல ஒரு பக்கம் நகரும், குறைந்தால் மறுபக்கம் நகரும். ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்தால் போதும், படம் மங்காது. கொழுந்து பறிக்கும் கையின் அசைவை 40 படமாக்கி, அதை ஓர் இ.பி.யின்மேல் சுழலவிட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாலும் முடியும்.

இந்து நகர் தந்த பிலிம்

படத்தையே ஒலியாக்குவது எப்படி என்பதற்கு ஊட்டியிலேயே ஒரு பதில் இருந்தது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

1960-இல் ஊட்டியில் மத்திய அரசு தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘ஊட்டி வரை உறவு’ வெளியானதும் அதே ஆண்டு என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்று பெயர். தொழிற்சாலையின் வணிகப் பெயரும் ‘இந்து’தான். கருப்பு வெள்ளை சினிமா பிலிம், போட்டோத் தாள், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கே உருவாயின. வெளிச்சம் பட்டால் பாழாகிவிடும் பண்டம் என்பதால் பிலிமில் வெள்ளி கலந்த கலவையைப் பூசும் வேலை இருட்டறையில்தான் நடந்தாக வேண்டும். நாடு முழுக்க வெளிச்சத்தில் பார்த்த படங்களுக்கான பிலிமை ஊட்டித் தொழிலாளர்கள் இருட்டில் நின்று செய்தார்கள். கடன் அழுத்தியது, டிஜிட்டலும் வந்து சேர்ந்தது, ஆலை முடங்கி மூடப்பட்டது. வேலை இழந்தவர்களின் வேதனை நீலகிரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த சினிமா பிலிமில் ஒரு சங்கதி உண்டு. பழைய பிரிண்ட் ஒன்றின் ஓரத்தைப் பார்த்தால் படங்களுக்குப் பக்கத்திலேயே மெல்லிய கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக நெளிந்து ஓடும். அதுதான் பாட்டு. புரொஜெக்டரில் ஒரு விளக்கின் ஒளி அந்தக் கோட்டை ஊடுருவிப் போகும். கோட்டின் அகலத்துக்கேற்பக் கூடிக் குறையும் ஒளியை ஒளிமின்கலம் மின்சாரமாக்கும், ஒலிபெருக்கி அதைக் குரலாக்கும். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் தியேட்டரில் பாடியது இப்படித்தான், படமாக அச்சாகி. கனடா நாட்டுக் கலைஞர் நார்மன் மெக்லாரன் அந்தக் கோட்டைக் கையாலேயே வரைந்து இசை உண்டாக்கினார். 1971-இல் அவர் செய்த ‘சிங்க்ரோமி’ படத்தில் ஒலியை உண்டாக்கும் அதே வடிவங்களைத்தான் திரையில் வண்ணமாகவும் பார்க்கிறோம். 1950-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ திட்டத்துக்காக இந்தியா வந்து வேலை செய்தவர் அவர்.

இதே தத்துவத்தை ரெக்கார்டு அட்டைக்கும் பயன்படுத்தலாம். அட்டையை ஸ்கேன் செய்து, இடமிருந்து வலமாக ஒரு கோடு அதன்மேல் ஊர்ந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் இருக்கும் புள்ளி மேல் ஸ்தாயி, அடியில் இருப்பது கீழ் ஸ்தாயி. வெளிச்சமான இடம் உரக்க ஒலிக்கும், இருட்டு அடங்கும். இதைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாயகியின் முகம் ஒரு நீண்ட ரீங்காரமாகும். கையால் எழுதிய தலைப்பெழுத்துகள் வெடுக்கென்று தெறிக்கும். பின்னணியில் இருக்கும் அந்தப் பச்சைத் தீற்றலும், அதுவரை ஊமையாக இருந்த மலையும், முதல்முறையாகச் சத்தம் எழுப்பும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கலை இங்கே நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

எக்ஸ்ரே பிலிமுக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சோவியத் நாட்டில் மேற்கத்திய ஜாஸும், தடைசெய்யப்பட்ட ரஷ்யப் பாடகர்களின் பாட்டும் கடைகளில் கிடைக்காது. லெனின்கிராடு இளைஞர்கள் ஆஸ்பத்திரிகள் கழித்துக்கட்டிய எக்ஸ்ரே பிலிம்களை வாங்கி, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதில் பாட்டை வரியாகக் கீறி ரகசியமாக விற்றார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு, பிளேயரில் வைத்தால் ஜாஸ். இதில் முன்னணியில் இருந்த குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘தங்க நாய்’, நம் நாய் மார்க்கை மனசில் வைத்து. அதன் தலைவர் ருஸ்லான் போகஸ்லோவ்ஸ்கி இதற்காகச் சிறை சென்றார். ஒரு தட்டே படமாகவும் பாட்டாகவும் இருந்த அபூர்வம் அது. அதே வகைப் பிலிமைத் தயாரித்த ஊரில், அந்தத் தொழிலாளர்களின் நினைவாக, பழைய எக்ஸ்ரேக்களில் மலையின் ஒலிகளைக் கீறி ஒரு வரிசை வெளியிட்டால் அதற்கு வேறு அட்டையே தேவையில்லை.

அட்டைக்கு வராதவர்கள்

ஒலி என்று வந்தால் எந்த ஒலி? சினிமாப் பாட்டைத் துண்டாக்கி ஒட்டுவதோடு நின்றால் பழைய கணக்கையே திருப்பிப் போட்டதாகும்.

கோத்தர்கள் நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் சிறிய சமூகம். கொல்லர், தச்சர், குயவர், இசைக்காரர் எல்லாம் அவர்களே. ‘கொள்’ என்னும் ஊதுகருவியும், பித்தளைக் கொம்பும், பறைகளும் சேர்ந்த அவர்களுடைய இசை ஒருகாலத்தில் தோடர், படகர் வீட்டுச் சாவுகளிலும் ஒலித்தது. இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் 1990-களின் தொடக்கத்தில் அவர்களோடு தங்கிப் படித்து 2005-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். தோடர்களின் பாட்டுகளை 1930-களில் மொழியியலாளர் எம்.பி.எமனோ எழுதியெடுத்தது 1971-இல் நூலாயிற்று. அறிஞர்கள் வந்தார்கள், நூலகங்கள் நிறைந்தன. ரெக்கார்டுக் கம்பெனிகளின் பார்வை மட்டும் ஜோடிகளைத் தாண்டவில்லை. மலைச்சரிவில் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாட்டி நஞ்சியம்மாவின் குரல் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தின் மூலம் 2020-இல் நாடெங்கும் கேட்டு, பிறகு தேசிய விருதும் பெற்றபோது ரெக்கார்டு அட்டையின் காலமே முடிந்திருந்தது.

தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் ஒரு ரெக்கார்டுக் கதை இருக்கிறது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் தமிழக அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ ஆனது. அவர்கள் விட்டுவந்த நாட்டிலிருந்து இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவின் குரலும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலும் காற்றில் பின்தொடர்ந்து வந்தன. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவர்களின் பொப்பிசையும் கூடவே வந்தது. இங்கே சமவெளிக்காரர்களுக்கு அது வெளிநாட்டு ஸ்டேஷன். லைன் வீட்டில் அது சொந்த ஊர்.

இன்றைய மலையின் ஓசைகளும் இருக்கின்றன. கையால் கிள்ளிய கொழுந்தை இப்போது பல தோட்டங்களில் கத்தரியால் வெட்டுகிறார்கள். வரிசையாக நிற்கும் பெண்களின் கத்தரிகள் சேர்ந்து எழுப்பும் ‘சரக் சரக்’கை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். பாக்டரியில் இலையை வாட்டும் காற்றாடிகளின் உறுமல், கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரம் கடித்து ஏறும் ரயிலின் சத்தம் எல்லாம் காத்திருக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கோத்தர் இசையில் தெய்வத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு, ஆட்டத்துக்கானது வேறு. சாவு மெட்டை நினைத்த இடத்தில் ஊத மாட்டார்கள். ஒலியைக் கணினியில் இழுத்துப்போட்டு வெட்டும் கலைஞருக்கு எல்லாம் ஒரே கோப்பாகத் தெரியலாம், அவர்களுக்கு அப்படி இல்லை. எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஏற்று, பணத்திலும் பங்கு கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. பழங்குடி மொழிகளிலும் பேசும் சமுதாய வானொலி கோத்தகிரியில் இருக்கிறது. பேச்சை ஆரம்பிக்க இடங்களுக்குக் குறைவில்லை.

அட்டையை வரைந்தவர்களுக்கும் இதே மரியாதை கிடைக்க வேண்டும். ‘டிசைன்ஸ்’ என்ற வரியில் ஈஸ்வர், பரணி போன்ற பெயர்களைத் திரையில் பார்த்திருக்கிறோம். ரெக்கார்டு அட்டையில் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் எல்லாரும் இருப்பார்கள். தலைப்பெழுத்தை எழுதியவர், முகத்துக்கு வண்ணம் தீட்டியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஓவியத்துக்கும் படைத்தவரின் வாழ்நாளும், அதன்பின் 60 ஆண்டுகளும். 1967-இல் வெளியான ஒரு ஒலிப்பதிவின் உரிமை 2027 டிசம்பர் 31-ஓடு முடியும். 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு அது 2041 வரை நீளும், 2015-இல் மறைந்த எம்.எஸ்.வி.யின் மெட்டுகளுக்கு 2075 வரை. அட்டை ஓவியருக்கு எதுவரை என்று கணக்குப் போட முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டும். சென்னையின் பழைய அச்சகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் வேலை பார்த்த மூத்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். யாராவது அவர்களிடம் ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.